மொய் நோட்டில் இருக்கிற உங்கள் பெயர்

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம்.

என் மகள் கல்யாணத்துக்கு நீங்கள் வந்திருந்தீர்கள். முகூர்த்தம் முடிந்த கையோடு வந்து, மணமக்களை வாழ்த்தி, பந்தியில் உட்கார நேரமில்லாமல் ஒரு டம்ளர் பாயசம் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினீர்கள். அன்றைக்கு உங்களுக்கு ஏழு கல்யாணம் என்று உங்கள் டிரைவர் சொன்னார். மொய் மேசையில் உட்கார்ந்திருந்த என் மைத்துனர் உங்கள் பெயர், பதவி, தொகை மூன்றையும் நோட்டில் எழுதி மைக்கிலும் வாசித்தார். அந்த நோட்டு இப்போதும் எங்கள் பீரோவில் இருக்கிறது. உங்கள் வீட்டு விசேஷம் வரும்போது எடுத்துப் பார்த்து, ஒரு ரூபாய் குறையாமல் திருப்பிச் செய்வோம்.

அந்த நோட்டுக்கு இருக்கிற ஒழுங்கு சட்டமன்றத்தில் நீங்கள் போடுகிற வாக்குக்கு இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். தபாலில் உங்கள் வீட்டுக்கே அனுப்பியிருக்கலாம். நான் கேட்கப்போவது தொகுதியில் ஓட்டுப் போட்ட எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி என்பதால் திறந்தே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சாயங்காலம் கூடுகிறவர்கள் ஐந்தாறு பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மெடிக்கல் ஸ்டோர் வைத்திருக்கிறவர், இப்போதுதான் கோர்ட்டுக்குப் போகத் தொடங்கியிருக்கிற ஒரு வழக்கறிஞர் பெண், நான், இன்னும் ஒன்றிரண்டு பேர். ஒருநாள் பேச்சு உங்களைப் பற்றி வந்தது. “ஆள் தங்கம். நடுராத்திரி கூப்பிட்டாலும் போன் எடுக்கிறார்” என்றார் மெடிக்கல்காரர். நிழற்குடை, ரேஷன் கடைக் கட்டடம், கலையரங்கம் என்று இன்னொருவர் அடுக்கினார். தலைமையாசிரியர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “அதெல்லாம் தொகுதி மேம்பாட்டு நிதி. அந்தப் பதவியின் பேரே சட்டமன்ற உறுப்பினர். சட்டம் போடுகிற வேலையில் அவருக்கு எத்தனை மார்க்?” என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை.

அன்றைக்கே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினோம். எல்லாச் சட்டத்தையும் எடுத்தால் தாங்காது. அரசு தன்னைத் தானே சீர்திருத்திக்கொள்கிற விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. உள்ளாட்சி, ஊழல் தடுப்பு, காவல் துறை, நிலம். ஒவ்வொரு சட்டமுன்வடிவுக்கும் எதிரே மூன்று கட்டம் போட்டோம்: ஆம், இல்லை, அவைக்கு வரவில்லை. 15-ஆவது பேரவையிலும் நீங்கள் இருந்தீர்கள், 16-ஆவதிலும் இருந்தீர்கள். ஒன்றில் ஆளுங்கட்சி வரிசை, ஒன்றில் எதிர் வரிசை. எது எப்போது என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த மடலைக் கட்சிக் கொடியோடு சேர்த்துப் படிப்பார்கள்.

மூன்று மாதமாகிறது. சட்டங்களின் பெயர்கள் முத்து முத்தாக இருக்கின்றன, தலைமையாசிரியர் கையெழுத்து அப்படி. எதிரே இருக்கிற கட்டங்களில் ஒரு டிக் கூட இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அமைச்சர் சட்டமுன்வடிவை முன்மொழிகிறார். ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க என்று பேரவைத் தலைவர் சொல்கிறார். ஒரு பக்கமிருந்து கூட்டமாக ‘ஆம்’ வருகிறது, சில நாட்களில் இன்னொரு பக்கமிருந்து ‘இல்லை’ வருகிறது, பல நாட்களில் அதுவும் வருவதில்லை. நிறைவேறியது. அரசியலமைப்பின் 189-ஆவது பிரிவு, வந்திருந்து வாக்களிக்கிறவர்களில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதுவே முடிவு என்கிறது. அந்தப் பெரும்பான்மையை நம் பேரவை பெரும்பாலும் காதால்தான் அளக்கிறது. 234 தொண்டைகளில் உங்கள் தொண்டை எது, அது திறந்ததா, மூடியிருந்ததா, அந்த நேரத்தில் நீங்கள் கேண்டீனில் இருந்தீர்களா என்பதை எந்தக் காதாலும் பிரித்துச் சொல்ல முடியாது. 2022 ஜனவரியில் கேள்வி நேரத்தை நேரலையாகக் காட்டத் தொடங்கியபோது எங்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நீங்கள் கேள்வி கேட்பதைப் பார்த்தோம். வாக்களிப்பதை இதுவரை பார்க்கவில்லை.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் 31 வருடம் குப்பை கொட்டியவன். துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றேன். அதில் பாதிக்கு மேல் ஒன்றியக் குழுக் கூட்டங்களுக்கு மன்றப் பொருள் தயாரிப்பதும் மினிட் புத்தகம் எழுதுவதும்தான் என் வேலை. யார் வந்தார், யார் வரவில்லை, எந்தப் பொருள், என்ன தீர்மானம், எல்லாம் எழுதி, கையெழுத்து வாங்கி, பக்க எண் போட்டு வைப்போம். ஆடிட் வந்தால் முதலில் கேட்பதே அந்தப் புத்தகத்தைத்தான்.

ஒரு கூட்டம் எனக்கு மறக்காது. ஊர் பெயர் வேண்டாம். ஒரு சாலை வேலைக்கான ஒப்பந்தப்புள்ளி பொருளாக வந்தது. எல்லாரும் மேசையைத் தட்டியாயிற்று. கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். முதல் தடவை கவுன்சிலர். “சார், எனக்கு இதுல சம்மதமில்ல. நான் வேண்டாம்னு சொன்னதையும் சேத்து எழுதுங்க” என்றார். தலைவர் சிரித்தார். “நீ ஒருத்தி சொல்லி என்னம்மா ஆகப்போவுது?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். “ஆவறது ஆவட்டும், எழுதுங்க” என்று என் மேசைக்கே வந்து நின்றுகொண்டார். எழுதினேன். ‘மேற்படி தீர்மானத்திற்கு இன்ன வார்டு உறுப்பினர் எதிர்ப்பு தெரிவித்தார்.’ ஒரே ஒரு வரி. தீர்மானம் நிறைவேறியது, சாலையும் போட்டார்கள், இரண்டு மழையில் அது போயிற்று. அடுத்த தேர்தலில் அந்த அம்மா அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வீடு வீடாகக் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். ஜெயித்தாரா என்று கேட்காதீர்கள், தோற்றுவிட்டார். ஆனாலும் அவர் என்ன செய்தார் என்று அந்த வார்டில் எல்லாருக்கும் தெரியும்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

என் பழைய வேலையோடு சேர்ந்த விஷயம் என்பதால் உள்ளாட்சியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் போடப்பட்டார்கள். ஊராட்சிகளுக்கு எங்கள் வட்டார வளர்ச்சி அலுவலரே (பி.டி.ஓ.) தனி அலுவலர். முன்பு பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட இடத்தில் இப்போது ஒரே கையெழுத்து. முன்மொழிந்தவரும் அவரே, ஏற்றுக்கொண்டவரும் அவரே. ஊரில் தண்ணீர் வரவில்லையென்றால் தெருவிலேயே பிடித்துத் திட்ட ஒரு வார்டு மெம்பர் இருந்த நிலை போய், நாற்பது ஊராட்சிக் கோப்புகளோடு ஜீப்பில் ஓடிக்கொண்டிருக்கிற ஓர் அதிகாரியைத் தேட வேண்டியதாயிற்று. பாவம், அவரும் மனிதர்தான்.

அந்தத் தனி அலுவலர்களின் காலத்தை ஆறு மாதம், ஆறு மாதமாக நீட்டிக்கொண்டே போனீர்கள். ஊரகத் தேர்தல் நடக்க 2019 டிசம்பர் ஆயிற்று, அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி. அதாவது ஒரு நகராட்சியில் ஐந்து வருடத்துக்கு மேல் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் ஆள் கிடையாது. நீட்டிப்பு ஒவ்வொன்றும் உங்கள் அவைக்கு வந்து போனது. ஒவ்வொரு முறையும் நீங்கள் ‘ஆம்’ சொன்னீர்களா? சொல்லியிருந்தால் எதற்காக? 2025 ஜனவரியில், அந்த 27 மாவட்டங்களில் ஒன்று பிரிந்து 28 ஆகியிருந்த மாவட்டங்களின் ஊரக மன்றங்களுக்குப் பதவிக்காலம் முடிந்தது, மறுபடியும் தனி அலுவலர்களே வந்தார்கள். இடையில் ஆட்சி மாறியிருந்தது. இருக்கைகள் இடம் மாறியிருந்தன. அன்று கோபமாகப் பேசியவர்கள் இன்று விளக்கம் சொன்னார்கள், அன்று விளக்கம் சொன்னவர்கள் இன்று கோபப்பட்டார்கள். பதிவேடு என்று ஒன்று இருந்திருந்தால் இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே வைத்துப் படித்திருப்போம்.

மேயர் கதை இதைவிட ருசியானது. மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதா என்பது ஒரு நல்ல கேள்வி, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நேரடியாக வந்தவருக்கு மக்கள் பலம் இருக்கும், மன்றத்தில் ஆதரவு இல்லாமல் தவிக்கவும் நேரும். மறைமுகமாக வந்தவருக்கு மன்றம் ஒத்துழைக்கும், ஆனால் கவுன்சிலர்களைப் பேருந்தில் ஏற்றி ரிசார்ட்டுக்குக் கொண்டுபோகிற வேலையும் கூடவே வரும். தமிழ்நாடு 1996-இல் நேரடித் தேர்தல் நடத்தியது. 2006-இல் மறைமுகத்துக்குப் போனது. 2011-இல் மறுபடி நேரடி. சரி, ஆட்சி மாறும்போது கொள்கை மாறுகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் 15-ஆவது பேரவையைப் பாருங்கள். 2016 ஜூனில் மறைமுகம் என்று சட்டம். 2018 ஜனவரியில் நேரடி என்று சட்டம். 2019 நவம்பரில் மறைமுகம் என்று அவசரச் சட்டம், பிறகு அது அவைக்கும் வந்தது. ஆட்சி மாறவில்லை. அவை மாறவில்லை. பெரும்பாலும் அதே ஆட்கள், அதே இருக்கைகள். அந்த அவையின் காலத்தில் ஒரு மேயர் தேர்தல்கூட நடக்கவில்லை என்பது தனி வேடிக்கை. சமைக்காத சாம்பாருக்கு மூன்று முறை உப்புப் பார்த்தாயிற்று.

அந்த மூன்று முறையும் ‘ஆம்’ என்ற குரல் எழுந்திருக்கிறது. ஒருவர் மனம் மாறுவது தப்பில்லை. நானே பென்ஷன் விஷயத்தில் இரண்டு முறை மாறியிருக்கிறேன். மாறினேன், இன்ன காரணத்தால் மாறினேன் என்று சொல்ல வேண்டும் இல்லையா? குரல் வாக்கெடுப்பில் மனம் மாறியவருக்கும் மனமே இல்லாதவருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

மாநில அளவில் ஊழல் புகார்களை விசாரிக்கிற லோக் ஆயுக்தாவுக்கு வருகிறேன். 2013-ஆம் வருட மத்திய லோக்பால், லோக் ஆயுக்தா சட்டத்தின் 63-ஆவது பிரிவு, ஒரு வருடத்துக்குள் மாநிலங்கள் லோக் ஆயுக்தா அமைக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அது உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகுதான் நகர்ந்தது. 2018 ஜூலை 9 அன்று சட்டமுன்வடிவு வந்தது, அன்றே நிறைவேறியது. ஊழல் செய்கிற அமைச்சரையும் அதிகாரியையும் விசாரிக்கிற சட்டத்தைப் படிக்க உங்களுக்குக் கிடைத்த நேரம், எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் ஒரு போர்வெல் எஸ்டிமேட்டுக்குக் கிடைக்கிற நேரத்தைவிடக் குறைவு. உறுப்பினர்கள் உட்கார்ந்து ஆராயத் தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சி கேட்டது, கிடைக்கவில்லை, வெளிநடப்புச் செய்தது. பல் இல்லாத சட்டம் என்று வெளியே வந்து சொன்னார்கள். ஒப்பந்தங்களும் நியமனங்களும் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன என்பது அன்று எழுந்த முக்கியமான புகார்.

இங்கே வெளிநடப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநடப்பு மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்துக்கு வரும், நிருபர்களுக்குப் படமும் கிடைக்கும். ஆனால் வெளியே போனவர் வாக்களிக்கவில்லை. அவையின் கணக்கில் அவர் எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. எழுந்து நின்று ‘இல்லை’ என்று சொல்லி, எண்ணச் சொல்லிக் கேட்டு, எண்ணிக்கையில் தோற்று, அந்தத் தோல்வியைப் பதிவில் விட்டுப் போவதுதான் கஷ்டமான வேலை. அதைத்தான் எங்கள் ஒன்றியத்து அம்மா செய்தார். அன்று பல் இல்லை என்று வெளியே போனவர்கள் 2021-இல் ஆட்சிக்கு வந்தார்கள். அன்று ‘ஆம்’ சொன்னவர்கள் எதிர் வரிசைக்குப் போனார்கள். அந்தச் சட்டத்துக்குப் பல் கட்ட ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள் என்று அதன்பிறகு நீங்கள் ஒருநாளாவது எழுந்தீர்களா?

2023 ஏப்ரல் 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு சட்டமுன்வடிவுகள். ஒன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடுகிற திருத்தம். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மூன்று நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அவ்வளவு எதிர்ப்புக் கிளம்பிய ஒரு சட்டத்துக்கு ‘ஆம்’ சொன்ன உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் எங்கேயும் கிடையாது. திரும்பப் பெற்ற பிறகு அதை யாரும் ஆதரித்ததே இல்லை என்பது போல ஆகிவிட்டது. தொழிற்சங்கக்காரர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

மற்றொன்று சத்தமில்லாமல் போனது. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டப் பகுதிக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால் என்ன செய்வது என்று சொல்கிற சட்டம். நம் தொகுதியில் எத்தனை கண்மாய் இருக்கிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஒவ்வொன்றின் மடையிலும் உங்கள் காலடி பட்டிருக்கிறது. நீர்நிலைகளுக்கு இது ஆபத்து என்று சூழலியல்காரர்கள் பேசத் தொடங்கியதே சட்டம் நிறைவேறிய பிறகுதான். ஆகஸ்டில் ஆளுநர் ஒப்புதலும் வந்துவிட்டது. கண்மாய்க் கரையில் நின்று விவசாயிகளுக்கு வாக்குக் கொடுத்த நீங்கள், ஏப்ரல் 21 அன்று அவையில் என்ன வாக்குக் கொடுத்தீர்கள்? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

காவல் துறையைப் பற்றி ஒன்றே ஒன்று. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், அதன் தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதி இருக்க வேண்டும் என்றது. 2013-இல் நம் பேரவை இயற்றிய சட்டம் மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைமையில் உட்கார வைத்தது. வீட்டுக்காரர் மேல் புகார் என்றால் அவர் அண்ணனிடமே சொல் என்பது மாதிரி. ஏழு வருடம் கழித்துச் சாத்தான்குளம் நடந்தது. அதற்காக எல்லாக் கட்சியும் கண்ணீர் விட்டது. சட்டத்தை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

எண்ணுவது நடைமுறைக்கு ஒத்துவராது, நேரமாகும் என்று நீங்கள் சொல்லலாம். நம் பேரவைக்கு எண்ணத் தெரியும், சார். 2017 பிப்ரவரி 18 நினைவிருக்கும். சட்டை கிழிந்த நாள். அன்று நம்பிக்கைத் தீர்மானத்தை எண்ணிக் கணிக்கும் முறையில் எடுத்தார்கள். பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. அதே வருடம் மார்ச்சில் பேரவைத் தலைவர் மேல் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தையும் எண்ணினார்கள். ஆதரவு 97, எதிர்ப்பு 122. நாற்காலி ஆடும்போது ஒவ்வொரு தலையையும் எண்ணத் தெரிந்த அவைக்கு, எங்கள் கண்மாய்க்கும் ஊராட்சிக்கும் எண்ண மட்டும் நேரமில்லையா? அந்தப் பதினோரு பேரின் வாக்கு பெயரோடு தெரிந்ததால்தான் அவர்களைத் தகுதி நீக்கம் செய்யக் கேட்டு வழக்கே போட முடிந்தது, உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அந்த வாக்கு சரியா தப்பா என்று ஊரே வாதாடியது. வாக்கென்றால் அப்படி வாதாட முடிகிற பொருளாக இருக்க வேண்டும்.

டெல்லியில் பட்டன் அழுத்துகிறார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்தம் 288-க்கு 232. நம் எம்.பி. எந்தப் பக்கம் நின்றார் என்று எங்கள் வழக்கறிஞர் பெண் கைபேசியிலேயே எடுத்துக் காட்டினார். நாடாளுமன்றமும் ஒன்றும் சுத்தமில்லை. 2020-இல் வேளாண் சட்டங்களை மாநிலங்களவையில் எண்ணக் கேட்டும் எண்ணாமல் குரலிலேயே முடித்தார்கள். அதை அன்று எதிர்த்துக் கத்திய கட்சிகள் நம் ஊரிலும் இருந்தன. கத்தியது நியாயம். ஆனால் சென்னையில் அதே வழக்கத்தோடு குடித்தனம் நடத்துகிறோமே? அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒரு மசோதாவின் இறுதி வாக்கெடுப்பை உறுப்பினர் பெயரோடு பதிய வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் அங்கே சாதாரணக் குடிமக்கள் அமைப்புகள் ஒவ்வொரு உறுப்பினருக்கும் மார்க் போட முடிகிறது. எங்கள் கோடு போட்ட நோட்டு அங்கே இருந்திருந்தால் ஒரு வாரத்தில் நிரம்பியிருக்கும்.

நீங்கள் சொல்லக்கூடிய இன்னொரு பதில் கொறடா. ‘கட்சி சொல்கிறபடி கை தூக்கணும், இல்லையென்றால் பதவி போய்விடும், பிறகு என் வாக்கைப் பதிந்து என்ன பிரயோசனம்?’ இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. 1985-இல் அரசியலமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், அப்படித்தான் கட்டிப்போட்டிருக்கிறது. ஆனால் கட்சி உத்தரவு போட்டு அதை மீறினால்தான் அந்தப் பிரிவு பாயும், அப்போதும் பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் பாயாது. 1992-இல் அந்த அட்டவணையை எதிர்த்து வந்த கிஹோட்டோ வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தக் கட்டு ஆட்சி நிற்குமா விழுமா என்கிற வாக்கெடுப்புக்கும், தேர்தலில் மக்கள்முன் வைத்த முக்கியக் கொள்கைகளுக்கும் மட்டும் இருந்தால் போதும் என்கிற போக்கில்தான் அதைப் படித்தது. மேயர் தேர்தல் முறைக்கு மூன்றரை வருடத்தில் மூன்று நிலைப்பாடு எடுத்தது எந்தத் தேர்தல் அறிக்கையில் இருந்தது?

கொறடா உத்தரவுக்குக் கட்டுப்பட்டே ‘ஆம்’ சொன்னீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதையும் எழுதுங்கள். ‘எனக்கு உடன்பாடில்லை, கட்சி சொன்னது, சொன்னேன்’ என்று நீங்கள் எழுதினால் எங்கள் தலைமையாசிரியர் அதற்கும் நாலு மார்க் போடுவார். உண்மையைச் சொன்னதற்காக.

வாக்கு கிடைக்கவில்லையே என்று உங்கள் பேச்சுகளைத் தேடிப் படித்தோம். மானியக் கோரிக்கை விவாதங்களில் நன்றாகப் பேசியிருக்கிறீர்கள். முதல் பாதி தலைவரின் புகழ், அது எல்லாருக்கும் உள்ள சம்பிரதாயம், விட்டுவிடலாம். இரண்டாவது பாதியில் தாலுகா மருத்துவமனைக்கு ஸ்கேன், புறவழிச்சாலை, பாலிடெக்னிக். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஒரு சட்டமுன்வடிவின் மேல், இந்தப் பிரிவு எனக்குப் புரியவில்லை, இதை மாற்றுங்கள் என்று நீங்கள் பேசியதாக ஒரு பத்தி அகப்படுமா என்று வழக்கறிஞர் பெண் மூன்று நாள் தேடினார். அகப்படவில்லை. தேடியதில் எங்களுக்குத் தவறு நேர்ந்திருந்தால் பக்கத்தைக் காட்டுங்கள், இதே இடத்தில் திருத்தம் எழுதுகிறேன்.

தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில், 1997-இல், சட்டம் போட்ட பேரவை உங்களுடையது. விதிவிலக்குகள் ஏகப்பட்டது இருந்தாலும் முதல் முதல்தானே. பெருமையாகத்தான் இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பேசாத அரசியல் மேடையும் நம் ஊரில் இல்லை. குடவோலையைச் சொல்கிறார்கள், தகுதிகளைச் சொல்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவுக்காரர்களும் மறுபடி நிற்கக் கூடாது என்று அதே கல்லில் இருப்பதை மட்டும் யாரும் மைக்கில் வாசிப்பதில்லை.

பேரவை விதிகளைத் திருத்த உங்கள் ஒருவரால் முடியாது, தெரியும். அதற்கு ஒரு கடிதம் தனியாகப் பேரவைத் தலைவருக்கும் எழுதுவோம். உங்களால் முடிந்ததை மட்டும் கேட்கிறேன். உள்ளாட்சியையோ நிலத்தையோ காவல் துறையையோ தொடுகிற சட்டமுன்வடிவு அடுத்தமுறை வரும்போது, எழுந்து, எண்ணிக் கணிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் மறுக்கட்டும், நீங்கள் கேட்டது அவைக்குறிப்பில் ஏறும். ஆளுங்கட்சி வரிசையில் இருந்துகொண்டு அப்படிக் கேட்பது சங்கடம் என்றால், அதைவிட எளிதான ஒன்று இருக்கிறது. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்தொடரும் முடிந்து ஊருக்கு வந்ததும், எந்தெந்தச் சட்டமுன்வடிவு, நான் அவையில் இருந்தேனா, என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்று ஒரு தாளில் எழுதி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற உங்கள் அலுவலக வாசலில் ஒட்டுங்கள். மனு கொடுக்க வருகிறவர்கள் எப்படியும் அங்கே ஒரு மணி நேரம் நிற்கிறார்கள், படிக்க ஏதாவது இருக்கட்டும்.

பழையதற்கும் எழுத முடிந்தால் நல்லது. மேயர் சட்டம் மூன்று, தனி அலுவலர் நீட்டிப்புகள், 2018 ஜூலை 9, 2023 ஏப்ரல் 21. ஞாபகம் இல்லையென்றால் ‘ஞாபகம் இல்லை’ என்று எழுதலாம். எங்கள் நோட்டில் அதற்கு இன்னொரு கட்டம் போட்டுக்கொள்கிறோம்.

தாள் ஒட்டிய அன்று யாராவது ஒருவர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவோம். தலைமையாசிரியருக்குக் கண்புரை அறுவை நடந்திருக்கிறது, அவர் வந்தால் பெரிய எழுத்தாக இருந்தால் நல்லது. மற்ற நாட்களில் நான் வருவேன், எனக்குச் சின்ன எழுத்தும் தெரியும். மினிட் புத்தகம் எழுதிய கண்.

இப்படிக்கு,
தங்கள் தொகுதி வாக்காளன்,
துணை வட்டார வளர்ச்சி அலுவலர் (ஓய்வு)